அமைதி யாருடைய காதுக்கு?

திருச்சி நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையை என்.எஸ்.பி. ரோடு என்று சொன்னால்தான் உள்ளூர்க்காரர்களுக்குப் புரியும். தெப்பக்குளத்தை ஒட்டிய அந்த ரோட்டில் மாலை ஆறு மணிக்கு நின்று போன் பேசியவர்கள், ஒரு காதைப் பொத்திக்கொண்டு "கேக்குதா, கேக்குதா?" என்று கத்தாமல் இருந்திருக்க முடியாது. கடை வாசலில் கூவி அழைக்கும் குரல், ஆட்டோ ஹாரன், ஒலிபெருக்கியில் தள்ளுபடி அறிவிப்பு. இதற்கெல்லாம் மருந்து என்று சொல்லித்தான் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்செட் விற்கிறார்கள். வாங்கி மாட்டினால் தெரு அடங்கிவிடுகிறது, உண்மைதான். ஆனால் போனின் மறுமுனையில் இருப்பவர், "எந்தச் சந்தையில நிக்கிறீங்க? ஒண்ணுமே புரியலை" என்கிறார்.

ஹெட்செட்டில் பழுது எதுவும் இல்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் அமைதி, மாட்டியிருப்பவரின் காதுக்கானது. அவரோடு பேசுகிறவரின் காதுக்கு வேறு வேலை, வேறு கருவி, வேறு கணக்கு. போன் பேசுவதற்காக ஹெட்செட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முதல் வகைக்கு ஏ.என்.சி. என்று பெயர். காதுக்கு வெளியே இருக்கும் சின்ன மைக், சுற்றுப்புற இரைச்சலைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் சில்லு அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி ஸ்பீக்கர் வழியே விடும். மேடும் பள்ளமும் சந்தித்தால் மட்டமாகிவிடும் அல்லவா? ஜெர்மானியரான பால் லூக் 1936-லேயே இந்த யோசனைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதைச் சந்தைக்குக் கொண்டுவந்ததில் ஒரு வங்காளிக்குப் பெரும் பங்கு உண்டு. 1978-ல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டைவிட என்ஜின் இரைச்சலே அதிகம் கேட்டதால் எரிச்சலுற்று, இறங்குவதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்கு விட்டது 1989-ல். என்.எஸ்.பி. ரோட்டின் போஸ் வேறு, இந்த போஸ் வேறு. ஆனால் அமர் போஸின் தகப்பனாரும் விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர்தான்.

விமானத்தில் பிறந்த யோசனை என்பதால் இதன் பலமும் பலவீனமும் விமானத்திலேயே இருக்கின்றன. ஒரே சீராக ஓடும் கனத்த இரைச்சலை இது நன்றாக அடக்கும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும் நான்கு மணி நேரத்துக்கு அருமையான துணை. பஸ் என்ஜின், ஏ.சி., மின்விசிறி இவற்றுக்கும் சரி. குக்கர் விசிலும் கண்டக்டர் விசிலும் தப்பிவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 11 சென்டிமீட்டர்தான். அலை குட்டையாகக் குட்டையாக, எதிர் அலையைச் சரியான கணத்தில் பொருத்துவது கடினம். அந்தக் கீச்சு ஒலிகளைத் தடுப்பது மின்னணு வித்தை அல்ல, காதை மூடும் மெத்தை.

இனி மறுமுனைக்காரரின் காது. அவருக்கு எட்டுவது மைக் வழியாகப் போவது மட்டும். இங்கே ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும்: தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 3 சென்டிமீட்டரில் நிற்கும் மைக்கை விட 12 சென்டிமீட்டர் தள்ளிக் காதில் இருக்கும் மைக்குக் குரல் 12 டெசிபல் குறைவாகப் போய்ச் சேரும். தெருச் சத்தமோ இரண்டுக்கும் ஒரே அளவு. அதனால்தான் வாய்ப்பக்கம் நீளும் கம்பி மைக், அதாவது பூம் மைக், பார்க்கப் பழைய பாணியாக இருந்தாலும் இன்றுவரை பேச்சுக்குத் தோற்கடிக்க முடியாததாக இருக்கிறது. 1969-ல் நிலவிலிருந்து நீல் ஆம்ஸ்ட்ராங் பேசியது பிளான்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஹெட்செட் வழியாக. அதிலும் மைக் வாயருகே வந்து நிற்கும்.

சந்தையிலிருந்தே ஓர் உதாரணம். ஜாப்ரா நிறுவனத்தின் எவால்வ்2 65 என்ற மாடல் அலுவலகப் பேச்சுக்கு உலகெங்கும் வாங்கப்படுவது. அதில் ஏ.என்.சி.யே கிடையாது. பூம் மைக் உண்டு. கம்பியை மேலே தூக்கினால் மியூட். இன்னொரு பக்கம் சோனியின் டபிள்யூ.எச்.-1000 எக்ஸ்.எம்.5. அதில் எட்டு மைக்குகள். அவற்றில் நான்கு பேச்சுக்கு உழைப்பவை. பாட்டுக் கேட்கவும் விமானத்தில் தூங்கவும் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவருக்கு எது என்று கேட்டால், பதில் முதலில் சொன்னதுதான்.

கம்பி இல்லாத இயர்பட்ஸ் எப்படிச் சமாளிக்கின்றன? இரண்டு மூன்று மைக்குகளை வைத்து, ஒலி எதை முதலில் தொட்டது, எதை மைக்ரோ விநாடிகள் கழித்துத் தொட்டது என்று கணக்கிட்டு, வாயின் திசையிலிருந்து வருவதை மட்டும் தூக்கிப் பிடிக்கின்றன. மிச்சத்தை மென்பொருள் வடிகட்டுகிறது. பெட்டியில் இ.என்.சி. என்று போட்டிருப்பது இதைத்தான். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழான இயர்பட்ஸிலும் இந்த மூன்றெழுத்து இருக்கிறது. எழுத்து ஒன்றுதான், வேலை ஒன்றல்ல.

இந்த வித்தைக்குக் கடுமையான பரீட்சை வைக்கும் ஊர் ஸ்ரீரங்கம். ஏழு பிராகாரங்களில் வெளிப் பிராகாரங்கள் முழுக்க வீடுகளும் கடைகளும், கோயிலுக்குள்ளேயே ஊர். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை என்று ஆனதில், நாவல்பட்டு எல்காட் பூங்காவுக்கோ சென்னைக்கோ போயிருக்க வேண்டியவர்கள் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் லேப்டாப்பைத் திறந்தார்கள். பழைய வீடுகளின் அமைப்பு தெரிந்ததே. ரேழியில் உட்கார்ந்தால் தெரு, கூடத்தில் டி.வி., பின்னால் மிக்ஸி. மொசைக் தரையும் வெறும் சுவர்களுமாக இருக்கும் கூடத்தில் குரல் எதிரொலித்து, மைக் தள்ளி இருக்கும் அளவுக்குக் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோலக் கேட்கும். மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நடக்கும்போது ஒலிபெருக்கி அறிவிப்புகள் வேறு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு மீட்டர் தள்ளி இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே 60 டெசிபல் வந்துவிடும்.

பலர் கவனிக்காத எதிரி ஒன்று தலைக்கு மேலேயே சுற்றுகிறது. சீலிங் ஃபேன். அதன் சத்தம் பெரிய பிரச்சினை இல்லை, காற்றுதான். இயர்பட்ஸின் துளைகளில் காற்று நேராக அடித்தால் மைக்குக்குப் புயல். பேசுகிறவருக்கு எதுவும் தெரியாது. கேட்கிறவருக்கு 'புர்ர்' என்று அடிக்கும். மே மாதத் திருச்சியில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் யாரும் ஒப்ப மாட்டார்கள். நாற்காலியை ஃபேனுக்கு நேர் கீழிருந்து நகர்த்திப் போடலாம். மைக்கில் பஞ்சு உறை உள்ள ஹெட்செட்டும் உதவும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பாட்டும் பிரபந்தமும் இணையத்தில் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு வருவது நேர் எதிரான தலைவலி. டீச்சர் ஸ்ருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் பாடுகிறார். மறுமுனையில் குழந்தைக்கு ஸ்ருதியே கேட்பதில்லை. குரலும் நீண்ட கார்வையில் தேய்ந்து மறைகிறது. காரணம், வடிகட்டும் மென்பொருளுக்குத் தெரிந்த இலக்கணம் இதுதான்: ஏறி இறங்கி விட்டுவிட்டு வந்தால் பேச்சு, ஒரே சீராக ஓடினால் இரைச்சல். அதன் கணக்கில் தம்புராவும் ஏ.சி.யும் ஒரே ஜாதி. பக்கத்து ஊரான திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி. ராமன், ஒளிக்குப் பெயர் வாங்குவதற்கு முன்பே மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்தவர். சாதாரணக் கொட்டில் ஒழுங்கில்லாமல் சிதறும் மேலொலிகள், மிருதங்கத் தோலின் நடுவே உள்ள கறுப்புப் பூச்சான கரணையால் ஸ்வரம்போல ஒழுங்காகின்றன என்று காட்டினார். சத்தத்துக்கும் நாதத்துக்கும் உள்ள அந்த வேறுபாடு ஹெட்செட்டின் சில்லுக்கு இன்னும் எட்டவில்லை. பாட்டு வகுப்பு எடுப்பவர்கள் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்செட்டுக்குச் செலவழிக்கவே வேண்டாம். ஜூம் செயலியில் இசைக்கலைஞர்களுக்காக மூல ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, வயர் உள்ள ஒரு நல்ல மைக் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

மற்றவர்களுக்கும் ஒரு சிக்கனக் குறிப்பு: ஜூம், டீம்ஸ் இரண்டிலும் இரைச்சல் நீக்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது. முதலில் அதைச் சோதித்துவிட்டுக் கடைக்குப் போகலாம். ஆனால் ஹெட்செட்டும் வடிகட்டி, செயலியும் வடிகட்டினால் சில சமயம் குரலே சக்கையாகிவிடும். ஒன்றைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

புளூடூத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டுக் கேட்கும்போது ஒலி ஒரு திசையில் தாராளமாக ஓடுகிறது. மைக்கைத் திறந்த கணமே இரு திசைக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் தரம் சட்டென்று இறங்கும். 'பாட்டு நல்லாக் கேக்குது, மீட்டிங்ல மட்டும் பழைய ரேடியோ மாதிரி இருக்கு' என்று சர்வீசுக்குக் கொண்டுபோகிறார்களே, அது பழுதல்ல, புளூடூத்தின் சுபாவம். பழைய முறையில் பேச்சு ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸோடு வெட்டப்படும். ஸ, ஷ போன்ற சீறும் ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. ஸ்ரீ இல்லாத பெயர் அபூர்வமான ஊரில் இது சின்ன நஷ்டம் இல்லை. 'வைட்பேண்ட்' அல்லது 'எச்.டி. வாய்ஸ்' என்று குறிப்பிட்ட ஹெட்செட்டில் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும், எல்.இ. ஆடியோ வசதியுள்ள புதிய மாடல்களில் இன்னும் மேலே. லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் யு.எஸ்.பி. டாங்கிளோடு வரும் ஹெட்செட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. போனையும் லேப்டாப்பையும் ஒரே நேரத்தில் இணைக்கும் மல்டிபாயிண்ட் வசதி இருந்தால் சௌகரியம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்குவதானால் கணக்கு மாறும். இரண்டு காதையும் அடைத்துவிட்டால் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காமல் பேச்சு கூச்சலாகும். பழைய லேண்ட்லைன் ரிசீவரில் பேசுபவரின் குரலே மெல்லியதாக அவர் காதுக்கும் திரும்பி வரும். நல்ல ஹெட்செட்டுகளில் சைட்டோன் என்ற பெயரில் இது இருக்கிறது. இல்லையென்றால் ஒற்றைக் காது ஹெட்செட் போதும். மகளோடு பேசிக்கொண்டே காலிங் பெல்லும் கேட்கும், கேஸ் சிலிண்டர்காரரையும் தவறவிட மாட்டார்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது? பெரும்பாலானோர் மாட்டிப் பார்த்து, ஒரு பாட்டைக் கேட்டு, "சூப்பர்" என்று பில் போடச் சொல்கிறார்கள். அதில் மைக்கின் லட்சணம் எங்கே தெரியும்? துணைக்கு ஒருவரை அழைத்துப் போக வேண்டும். ஹெட்செட்டை அவர் காதில் மாட்டி வாசலுக்கு அனுப்பிவிட்டு, வாங்குகிறவர் உள்ளே நின்று தன் போனில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். என்.எஸ்.பி. ரோட்டுக் கடை வாசலில் தேறிய மைக் எங்கேயும் தேறும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதே சோதனையைச் செய்துவிடலாம்.

பெட்டியைப் புரட்டிப் பார்த்து, இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உண்மையா போலியா தெரிந்துவிடும். நாற்பது மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்பது பெரும்பாலும் இயர்பட்ஸை வைக்கும் டப்பாவின் சார்ஜையும் சேர்த்து, பாட்டுக் கேட்பதற்கான கணக்கு. பேசினால் சீக்கிரம் தீரும். இயர்பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரியைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. மெத்தை வைத்த ஹெட்செட்டில், நம் வியர்வைக்கு உரியும் அந்த மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தில், இரண்டு காதிலும் இயர்பட்ஸோடு பைக்கில் போகிறவர்களை எந்த நேரத்திலும் பார்க்கலாம். பின்னால் வரும் பஸ்ஸின் என்ஜின் உறுமல்தான் ஏ.என்.சி. முதலில் அழிக்கும் சத்தம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் கையில் போன் பிடித்து ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதல் என்கிறது. கை சும்மா இருக்கிறது என்பதால் காதையும் மூடிக்கொள்வது எந்த நியாயம்? போன் வந்தால், பாலத்தைத் தாண்டி அம்மாமண்டபம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்ப அழையுங்கள்.