வேலையில் இருந்துகொண்டே சிகை அலங்காரம் கற்கலாம்



தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ கடையிலோ வேலை செய்யும் ஒருவர், அந்த வேலையை விடாமலேயே சிகை அலங்காரத் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியுமா? இதுவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். முடியும் என்பது என் பதில். ஆனால் ஆறு மாதத்தில் முடிகிற காரியம் அன்று. கை நன்றாகப் பழக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். அந்தக் காலம் முழுவதும் வீட்டுக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைத் தேடி வருபவர்கள் பெற்றோர் மட்டுமல்லர். பள்ளியை விட்டுப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆன பழைய மாணவர்களும் வருவார்கள். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் பெண் ஒருத்தி, “டீச்சர், அடுத்த மாசம் வேலைய விட்டுட்டு சலூன் படிக்கப் போறேன்” என்றாள். கையிருப்பு எவ்வளவு என்று கேட்டேன். மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு இருந்தது. வீட்டிலோ தாயாரும் இரண்டு பிள்ளைகளும். இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது? கத்தரிக்கோலையே எடுத்துக்கொள்வோம். தையற்காரர் கத்தரியைப் பிடிப்பதுபோல் இதைப் பிடிப்பதில்லை. மோதிர விரல் ஒரு வளையத்தில் அசையாமல் இருக்கும். கட்டைவிரல் மட்டுமே மற்ற அலகை அசைக்கும். எல்லா விரல்களும் சேர்ந்து அசைந்தால் வெட்டிய கோடு கோணலாகிவிடும். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கை ‘அ’ எழுதப் பழக எத்தனை வாரம் ஆகிறது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். இதுவும் அப்படித்தான். நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பயிற்சிக்குச் சலூன் தேவையில்லை. இரவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கால்மணி நேரம் வெறுங்காற்றை வெட்டிப் பழகலாம்.

அடுத்தது முடியின் குணம். ஈரமான முடி இழுத்தால் நீளும்; காய்ந்ததும் சுருங்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஈரத்தில் அளவு பார்த்து வெட்டிவிட்டு, காய்ந்த பிறகு குட்டையாகிவிட்டதே என்று விழிப்பது இதனால்தான். சுருள் முடியில் இந்த வேற்றுமை இன்னும் அதிகம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இரண்டு அங்குலம் தவறாக வெட்டிவிட்டால், அந்த வாடிக்கையாளர் நான்கைந்து மாதம் அதைச் சுமந்துகொண்டு திரிவார். பிறகு உங்களிடம் வரமாட்டார்.

இரசாயனம் இன்னும் கவனமாகக் கற்க வேண்டிய பாடம். முடி என்பது கெரட்டின் எனும் புரதம். அதன் இழைகளை ஏணிப்படிகள்போல் இணைத்து நிற்பவை கந்தகப் பிணைப்புகள். முடியைச் சுருட்டும் ‘பெர்மிங்’ முறையில் முதலில் பூசும் அமோனியம் தயோகிளைக்கொலேட் போன்ற மருந்து அந்தப் படிகளில் பலவற்றை உடைக்கிறது. உருளையில் சுற்றிய முடி அந்த உருளையின் வடிவத்துக்கு வருகிறது. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு பூசினால் படிகள் புதிய இடத்தில் மறுபடியும் சேர்கின்றன. முடியை நேராக்கும் ‘ரீபாண்டிங்’ வேலையும் இதே தத்துவந்தான். முதல் மருந்தை அளவுக்கு மீறி விட்டுவைத்தால் முடி கையோடு வந்துவிடும்.

சாயமும் அப்படியே. பல கருஞ்சாயங்களில் பி.பி.டி. எனும் பொருள் இருக்கிறது. சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாமல் முகமும் கண்ணும் வீங்கிவிடும். ஆகவே 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிப் பார்க்க வேண்டும். ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். கலியாண வீடுகளில் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கிறார்களே, மருதாணி இலை ஒருநாளும் கறுப்பாகச் சிவக்காது. அதில் பெரும்பாலும் கலந்திருப்பது இந்தச் சாயமே.

வேலையும் கல்வியும் ஒன்றாக நடக்குமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு சொல்கிறேன். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் 1867இல் சாரா பிரீட்லவ் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். சிறு வயதிலேயே இருவரையும் இழந்து, 20 வயதில் பெண் குழந்தையோடு விதவையானார். செயின்ட் லூயிஸ் நகரில் பல ஆண்டுகள் அடுத்தவர் துணிகளைத் துவைத்துப் பிழைத்தார். தம் முடியே கொட்டத் தொடங்கியபோதுதான் முடிப் பராமரிப்பில் கவனம் சென்றது. ஆனி மலோன் என்பவரின் தயாரிப்புகளை முகவராக இருந்து விற்றார். 1905இல் டென்வர் நகருக்குப் போய்ச் சமையல் வேலை பார்த்துக்கொண்டே சொந்தத் தைலம் தயாரித்து வீடு வீடாக விற்றார். மறு ஆண்டு நடந்த திருமணத்திற்குப் பின் மேடம் சி. ஜே. வாக்கர் என்று பெயர் பெற்றார். 1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிலை நிலைநாட்டினார். 1919இல் மறையும்போது அந்நாட்டுக் கறுப்பினப் பெண்களில் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக இருந்தார். செல்வத்தை விட்டுவிடுங்கள். பருத்திக் காட்டில் பிறந்த ஒரு தாய், வாரக்கூலியை விடாமல் பிடித்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தார் என்பதைத்தான் நான் எண்ணிப் பார்க்கிறேன்.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், திறன் மேம்பாட்டுத் துறையாகிய ஜே.பி.கே. வழங்குவது மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம். முதல் மூன்று நிலைகள் சான்றிதழ்; அதற்கு மேல் டிப்ளோமா. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி தேவையில்லை. படிப்பில் பின்தங்கியவர் என்று பெயர் வாங்கிய நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல்.

அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படிப்பது ஒரு வழி. வார இறுதி வகுப்பு நடத்தும் நிலையமாகப் பார்த்தால் வேலையில் இருப்பவர்க்கு ஏற்றது. 2005இல் தொடங்கிய எஸ்.எல்.டி.என். எனும் இரட்டைப் பயிற்சி முறை வேறு விதம். அதில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும். ஆனால் அந்த வேலையிடம் சலூனாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் இருந்துகொண்டு இதில் சேர இயலாது. எனக்கு மிகவும் பிடித்தது பி.பி.டி. எனும் முன்அனுபவ அங்கீகாரம். தமிழில் எழுதும்போது சாயத்துக்குச் சொன்ன பெயர்போலவே தோன்றும், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர், செய்த வேலையின் படங்கள், முதலாளியின் கடிதம் போன்ற சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் பார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பார்கள். ஆகவே சனி, ஞாயிறில் சலூனில் வேலை பழகுகிறவர் முதல் நாளிலிருந்தே தேதி போட்டுப் படங்களைச் சேர்த்து வைக்கட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த வகுப்புக்கு ஜே.பி.கே. அங்கீகாரம் எந்த நிலைக்கு இருக்கிறது?” அங்கீகாரம் கட்டடத்துக்கு அன்று; குறிப்பிட்ட பயிற்சிக்கும் நிலைக்கும்தான். பதிலை மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சி என்று சொல்லி ஓராண்டு முழுவதும் தரை கூட்டவும் துண்டு துவைக்கவும் விடுகிற இடங்களும் உண்டு.

பணத்தைவிடப் பெரிய தடை வீட்டுக்குள் இருக்கிறது. “நம்ம வீட்டுப் பிள்ளை அடுத்தவன் தலையைத் தொடுறதா?” என்று கேட்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். தமிழகத்துக் கிராமங்களில் நாவிதர் முடி திருத்தியதோடு புண்ணுக்கும் கட்டிக்கும் மருந்திட்டார். அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர் என்ற பெயர் அச்சமூகத்துக்கு வந்த காரணம் இதுவே. பிறப்புக்கும் வேண்டும், இறப்புக்கும் வேண்டும்; ஆனால் திண்ணையில் உட்காரக் கூடாது என்றது ஊர். அந்தச் சிறுமையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இன்னும் இறக்காமல் வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு முன்வாரம் சலூனில் வரிசையில் காத்திருந்து பணம் கொடுக்கிறவர்களும் நாமே. நம் முடிதிருத்தும் கடைகளுக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பது 2009இல் நிறுத்தப்பட்டபோது, உள்ளூரில் ஆள் கிடைக்காமல் கடைக்காரர்கள் திண்டாடினார்கள். 2023இல் மறுபடியும் அனுமதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் நம் இளைஞர்கள் நின்றிருக்கலாம். குறைந்த சம்பளம் ஒரு காரணம் என்றால், இந்த வெட்கம் மற்றொரு காரணம்.

கடைசியாக, நேரம். இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு சவரக்கத்தி பிடிக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாளையாவது தூக்கத்துக்கு விட்டுவிடுங்கள். ஷாம்பூவிலும் சாயத்திலும் நனையும் கைக்குக் கையுறை வேண்டும். இத்தொழிலில் தோல் அழற்சி மிகுதி. நிரந்தர வேலையில் இருக்கும்வரை உங்கள் ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் தொடரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் வெளிவேலை செய்யக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கும். அதை எடுத்துப் படித்துவிடுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வாரத்துக்கு 45 மணி நேரமே சாதாரண வேலை நேரத்தின் உச்ச அளவு. வேலை நேரத்தையோ வேலை நாளையோ மாற்றித் தரும்படி தொழிலாளர் எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாய்வார்த்தையாகச் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு இல்லையென்றதும் திரும்பி வராதீர்கள். கடிதம் எழுதுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்கி வையுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 60 நாள் எண்ணப்படும்.