ஜிபிஎஸ் லாகரை லினக்ஸில் செருகினால் என்ன தெரியும்?

கீழ்பென்னாத்தூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "எங்க ஊர் ஏரிக்கரை, வரப்புப் பாதையெல்லாம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல ஏத்தணும். லேப்டாப்ல உபுண்டு மட்டும்தான். எந்த ஜிபிஎஸ் லாகர் வாங்கலாம்?"

துல்லியத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். நான் முதல்ல பார்ப்பது ஒண்ணுதான்: யூஎஸ்பி கேபிளைச் செருகினா அது பென் டிரைவ் மாதிரி திறக்குதா, உள்ளே ஜிபிஎக்ஸ் ஃபைல் இருக்கா? இருந்தா டிரைவரே வேண்டாம். ஜிபிஎக்ஸ் வெறும் எக்ஸ்எம்எல்தான்; டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலே அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் தெரியும். சில கருவிகள் தன்னோட விண்டோஸ் மென்பொருளுக்கோ கிளவுடுக்கோ மட்டும்தான் பதிவைக் கொடுக்கும். நாளைக்கு அந்த சர்வரை நிறுத்திட்டா, நீங்க வெயில்ல நடந்ததெல்லாம் அதோட போச்சு.

2011-இல் வந்த கார்மின் இ-ட்ரெக்ஸ் 10 இந்தச் சோதனையில் தேறும். ‘கார்மின்’ ஃபோல்டருக்குள்ள ‘ஜிபிஎக்ஸ்’ ஃபோல்டர், அவ்வளவுதான். ரெண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும்னு நிறுவனம் சொல்லுது. தீர்ந்தா பெட்டிக்கடையில வாங்கிக்கலாம். வரப்பு நடுவுல சார்ஜரைத் தேட வேண்டியதில்லை.

பழைய பொருளா வாங்கினா ஹோலக்ஸ் எம்-241 மாதிரி கிடைக்கலாம். பார்க்க ஃபிலிம் ரோல் டப்பா போலவே இருக்கும். இது பென் டிரைவா திறக்காது, சீரியல் போர்ட்டா வரும். ஜிபிஎஸ்பேபல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் பதிவை இறக்கி ஜிபிஎக்ஸா மாத்திடும். ‘பெர்மிஷன் டினைட்’னு வந்தா கருவியைத் திட்டாதீங்க. உங்க யூசரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துட்டு, லாக்அவுட் பண்ணி திரும்ப உள்ளே வாங்க.

பழசுல இன்னொரு சிக்கல், தேதி. ஜிபிஎஸ் சிக்னல் வாரத்தை 10 பிட்டில் எண்ணுது. அதனால 1024 வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியம் ஆகும். கடைசியா ஆனது 2019 ஏப்ரல் 6. ஃபர்ம்வேர் அதைக் கவனிக்கலன்னா, இன்னைக்கு நடந்த நடையை ஏறக்குறைய 19 வருஷம் 7 மாசம் முன்னாடி நடந்ததா எழுதி வைக்கும். இடம் சரியாத்தான் இருக்கும். ஆனா போட்டோவோட நேரத்தை வெச்சு இடத்தைப் பொருத்தப் போனா எதுவுமே ஒட்டாது. ஜிபிஎஸ்பேபல்லயே நேரத்தை நகர்த்திச் சரி பண்ணலாம்.

எதை வாங்கினாலும் பதிவு இடைவெளியை 1 நொடியா வைங்க. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தா, 10 நொடியில 14 மீட்டர் போயிடுவீங்க. வரப்பு செங்கோணமா திரும்புற இடத்துல கோடு குறுக்கே போய், மேப்பில் யாரோ ஒருத்தர் நெல்லுக்குள்ள பாதை முளைச்சிடும்!

போன் போதாதான்னா, பாதிப் பேருக்குப் போதும். ஆஸ்மஆண்ட் ஆப் ஜிபிஎக்ஸாவே சேமிக்கும். ரெண்டு வாரம் அதுல நடந்து பாருங்க. பேட்டரிதான் தொல்லைன்னு தெரிஞ்சா லாகர் வாங்குங்க. பணம் கட்டும் முன்னாடி அந்த மாடல் பேரை ஜிபிஎஸ்பேபல் ஆவணத்தில் ஒருமுறை தேடிடுங்க.