கடல் பாட்டி வீட்டுக்குப் போகலாமா?

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போர்ட்டிக்சன் போயிருந்தோம். நான் மணலில் பாய் விரித்து நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முழங்காலளவு தண்ணீரில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி அவள் எங்களுக்குக் கையசைத்தாள். அடுத்த நொடி ஆளைக் காணவில்லை. பின்னால் வந்த அலை குப்புறத் தள்ளிவிட்டது. கணவர் ஓடிப்போய்த் தூக்கினார். இரண்டு மிடறு உப்புத்தண்ணீர், நெற்றியில் சிறு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில வினாடிகளை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் நம்மில் பலர் செய்வதையே நானும் செய்தேன். "கடல் பொல்லாதது, கிட்டே போனா இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்று பயமுறுத்தினேன். பலன்? குளியலறையில் ஷவரைத் திறந்தாலே அழுதாள். நீச்சல் வகுப்புக்கும் வரமாட்டேன் என்றாள். நான் கற்றுக்கொடுக்க நினைத்தது எச்சரிக்கை. அவள் கற்றுக்கொண்டதோ பயம்.

இதைச் சரி செய்தவர் என் அம்மா. ஒருநாள் பழைய நீலச் சேலை ஒன்றை எடுத்துக் கூடத்தில் விரித்தார். "இதுதான் கடல் பாட்டியோட வீடு. பாட்டி வீட்டுக்குள்ள கேக்காம நுழையலாமா?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"கேக்கணும்!"

அப்படித்தான் விளையாட்டு தொடங்கியது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சேலையை அசைப்போம். மகள் ஓரத்தில் நின்று, "பாட்டி, வரலாமா?" என்று கேட்க வேண்டும். நான் அவள் கையைப் பிடித்த பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். சிவப்புக் கைக்குட்டையை ஆட்டினால் பாட்டி கோபமாக இருக்கிறார், அன்றைக்குக் குளியல் கிடையாது. பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டுவது மரியாதை இல்லை. காட்டினால் சேலை அலையாக எழுந்து மூடிவிடும்! சிரித்துச் சிரித்தே, கடலைப் பார்த்து நிற்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

கடைசி விதியைச் சேர்த்தது நான். கடல் பாட்டி தினமும் இரண்டு முறை மெதுவாகப் பின்னால் நடந்துபோவார், திரும்பி வருவார். ஒவ்வொரு நடைக்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அப்போது மணலில் விளையாடலாம். ஆனால் பாட்டி திடீரென்று பின்னால் ஓடினால், தரையில் மீன் துடித்தாலும் பொறுக்கப் போகக்கூடாது. நாம் மேட்டைப் பார்த்து ஓட வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி மலேசியாவில் 68 உயிர்களைக் கொண்டுபோனது. அதில் பெரும்பாலானவை பினாங்கில். அதே நாளில், நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவை அலை சில நிமிடங்களிலேயே அடைந்தது. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் என்கிறது பதிவு. காரணம், ஒரு கதை. 1907-இல் அங்கே ஒரு சுனாமி பலரை வாரிச் சென்றது. அதை அவர்கள் 'ஸ்மோங்' என்று அழைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்று தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள். 97 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கதைதான் அவர்களை மலைக்கு ஓட வைத்தது.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. கதை பெரியவர்களின் கண்காணிப்புக்கு மாற்று ஆகாது. சிறுபிள்ளை தண்ணீரில் நிற்கும்போது, எட்டிப் பிடிக்கும் தூரத்தில், கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு ஒருவர் நிற்க வேண்டும். அன்று நான் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தேன். தவறு கடலுடையது அல்ல, என்னுடையது.

ஓராண்டு கழித்து மறுபடியும் போர்ட்டிக்சன் போனோம். மகள் ஈர மணல் ஓரத்தில் நின்றாள். "பாட்டி, வரலாமா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். பக்கத்தில் அவளுடைய அத்தை மகன் கடலுக்கு முதுகைக் காட்டிப் படத்துக்கு நின்றான். "டேய், பாட்டிக்குப் பின்னாடி காட்டாதே!" என்று அவன் சட்டையைப் பிடித்துத் திருப்பினாள்.

கிளம்பும்போது அவள் கையில் ஒரு சங்கு. உற்றுப் பார்த்தால் உள்ளே குட்டி நண்டு குடியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே திரும்பிப் போய் அதைத் தண்ணீர் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"அது பாட்டி வீட்டுப் பிள்ளைம்மா" என்றாள்.