மதில், மொட்டை மாடி கழுவும் தொழில்: முதல் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நம் ஊர் மதில் சுவர்கள் பாசி பிடித்துக் கறுத்து நிற்பதைப் பார்க்கிறோம். மொட்டை மாடியில் கால் வைத்தால் வழுக்குகிறது. தைப் பொங்கலுக்குள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நினைப்பவர் முதலில் அந்தப் பாசியை எடுத்தாக வேண்டும். முன்பெல்லாம் இரண்டு ஆட்கள் கம்பிப் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தேய்ப்பார்கள். இன்று பிரஷர் வாஷர் என்னும் தண்ணீர் அடிக்கும் இயந்திரம் அந்த வேலையை அரை நாளில் முடிக்கிறது. அமெரிக்காவில் மர வேலிகளையும் வீட்டை ஒட்டிய மரத் தளங்களையும் கழுவுவதே தனித் தொழில். நம் பக்கம் மர வேலி குறைவு. மதில், மொட்டை மாடி, பேவர் பிளாக் பதித்த முற்றம், தண்ணீர்த் தொட்டி ஆகியவைதான் இங்கே வேலை.

இந்தத் தொழிலைத் தொடங்கும் இளைஞர் முதலில் வந்து நிற்பது ஹார்டுவேர், பம்பு செட் வியாபாரிகளாகிய நம் கடை வாசலில்தான். நாம் எடுத்துக் கொடுக்கும் பெட்டிதான் அவர் பிழைப்பை நிர்ணயிக்கிறது. இதை நான் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நஷ்டம் எனக்கு மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2018-ஆம் ஆண்டு, எங்கள் குடோனில் மூட்டை இறக்கியவரின் மகன் வந்தான். "அண்ணாச்சி, வீடு வீடாப் போய் மாடி கழுவப் போறேன். நல்ல வேகமா அடிக்கிற மெஷினா குடுங்க" என்றான். என் குடோனில் வீட்டு உபயோக இயந்திரங்கள் முப்பது பெட்டி தேங்கிக் கிடந்தன. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அழுத்தம் அச்சிட்டிருந்தது. அதைக் காட்டி ஒன்றைக் கொடுத்தேன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து முக்கால் பணம் கட்டினான். மீதியைக் கணக்கில் எழுதிக்கொண்டேன். நாற்பதாவது நாள் மோட்டார் கருகிவிட்டது. தொழிலுக்குப் பயன்படுத்தியதால் வாரண்டி இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் ஒரு பழைய வீட்டின் மாடியில் தட்டோட்டு இடுக்குச் சாந்தையெல்லாம் அடித்துப் பெயர்த்திருந்தான். அடுத்த மழையில் அந்த வீடு ஒழுகியது. வீட்டுக்காரர் பழுது பார்த்த செலவை அவனிடமே வசூலித்தார். அவன் இயந்திரத்தைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

எந்த நாசிலை எதற்குப் போடுவது என்று நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அப்போது எனக்கே தெரியாது. அதன் பிறகு மெக்கானிக்குகளிடமும் அனுபவசாலிகளிடமும் கேட்டுக் கற்றவற்றை இங்கே தருகிறேன்.

அழுத்தமும் தண்ணீர் அளவும்

இயந்திரத்தில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று அழுத்தம், இதை 'பார்' கணக்கில் சொல்வார்கள். 1 பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ. மற்றொன்று நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வெளியேறுகிறது என்பது. அழுக்கைச் சுவரிலிருந்து பெயர்ப்பது அழுத்தம். பெயர்ந்ததைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீர். வாடிக்கையாளர்கள் அழுத்தத்தை மட்டுமே கேட்கிறார்கள். ஆனால் நாளொன்றுக்கு எத்தனை சதுர அடி முடியும் என்பதைப் பெரும்பாலும் லிட்டர்தான் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் இயந்திரத்தைக் கொண்டு ஒரு மாடியைக் கழுவி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஸ்டிக்கரைச் சோதிக்கும் கணக்கு

இதை ஒவ்வொரு வியாபாரியும் மனப்பாடம் செய்ய வேண்டும். பாரை லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குத் தேவையான சக்தி கிலோவாட்டில் வரும். ஒரு குதிரைத் திறன் 0.746 கிலோவாட்.

ஒரு பெட்டியில் 200 பார், 15 லிட்டர், 2 எச்.பி. என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200-ஐ 15-ஆல் பெருக்கினால் 3,000; 600-ஆல் வகுத்தால் 5 கிலோவாட். 2 எச்.பி. மோட்டாரோ ஒன்றரை கிலோவாட்தான் தரும். ஆக, அந்த 200 பாரும் 15 லிட்டரும் ஒரே நேரத்தில் வரவே முடியாது. மாறாக 100 பார், 12 லிட்டர் என்றால் 2 கிலோவாட். பம்பில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 3 எச்.பி. மோட்டார் சரியாகப் பொருந்துகிறது. 'அதிகபட்ச அழுத்தம்' என்று அச்சிட்டிருந்தால், 'வேலை அழுத்தம்' எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

மோட்டாரும் பம்பும்

வீட்டு உபயோக இயந்திரங்களில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் மோட்டார் இருக்கும். எடை குறைவு, விலை குறைவு, சத்தம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கார் கழுவுகிறவருக்கு அது போதும். தினமும் நாலைந்து மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இண்டக்‌ஷன் மோட்டார்தான் வேண்டும். அதிலும் நிமிடத்துக்கு 1,400 சுற்று ஓடுவது, 2,800 சுற்று ஓடுவதைவிட நீடித்து உழைக்கும். பம்பின் தலை பித்தளையாகவும் பிளஞ்சர் செராமிக்காகவும் இருப்பது நல்லது. எண்ணெய் மாற்ற வழி இருக்கிறதா, வால்வும் சீலும் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். உதிரி பாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

விவசாயத்தில் மருந்தடிக்கும் எச்.டி.பி. பம்பைச் சிலர் கேட்பார்கள். அது பொதுவாக 20 முதல் 40 பார் வரை தரும். வண்டி கழுவப் போதும். பல வருடக் கறுப்புப் பாசிக்குப் போதாது.

மின்சாரம்

வாடிக்கையாளர் வீட்டில் மும்முனை இணைப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. எனவே முதல் இயந்திரம் ஒருமுனையில் ஓடும் 3 எச்.பி.க்கு மேல் போகக் கூடாது. அதுவே ஏறக்குறைய 14 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும்.

வயரில் மிச்சம் பிடிக்கிறவர்கள் மோட்டாரை இழக்கிறார்கள். 30 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் சுமார் 15 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 6 வோல்ட்தான். ஏற்கனவே வோல்டேஜ் குறைந்த தெருவில் இந்த வித்தியாசம் மோட்டாரைக் கருக்கிவிடும். வயரைச் சுருளிலிருந்து முழுக்கப் பிரித்துப் போட்டே ஓட்ட வேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடேறும்.

ஈரத் தரையில் நின்று செய்யும் வேலை இது. எர்த் உள்ள மூன்று முள் பிளக், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பெட்டி ஆகிய இரண்டும் இல்லாமல் இயந்திரத்தை விற்காதீர்கள். வாங்குகிறவர் வேண்டாம் என்றாலும் எடுத்துச் சொல்லுங்கள்.

தண்ணீர்

நிமிடத்துக்கு 12 லிட்டர் இழுக்கும் இயந்திரம் 500 லிட்டர் தொட்டியை 40 நிமிடத்தில் காலி செய்துவிடும். வீட்டுக் குழாய் 8 லிட்டர்தான் தருகிறது என்றால் பம்பு காற்றை இழுத்துச் சீல் கெடும். 200 லிட்டர் பேரல் ஒன்றை நடுவில் வைத்தால், குறையும் 4 லிட்டரை அது ஈடுகட்டி 50 நிமிடம் ஓட்டலாம். வேலை பேசப் போகும்போதே ஒரு வாளியைக் குழாயில் பிடித்து, நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். போர் தண்ணீரில் மணல் வரும். உறிஞ்சும் பக்கம் ஃபில்டர் கட்டாயம். துப்பாக்கியை நிறுத்திவிட்டு இயந்திரத்தை ஓடவிடவும் கூடாது. அதே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சூடாகிச் சீலை அழிக்கும்.

நாசில்

நாசில்களுக்குப் பொதுவான நிறக் கணக்கு உண்டு. சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. கோணம் குறையக் குறைய வெட்டும் வேகம் கூடும். சிவப்பைப் புதிதாகத் தொடங்குகிறவர் கையில் கொடுக்கவே வேண்டாம். சிமெண்ட் மதிலுக்குப் பச்சை. பெயிண்ட் சுவருக்கு வெள்ளை, அதுவும் தள்ளி நின்று. சுண்ணாம்பு அடித்த பழைய சுவர், தட்டோடு பதித்த மாடி, சாந்து உதிரும் செங்கல் ஆகியவற்றில் அழுத்தத்தைக் காட்டவே கூடாது. மருந்து போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவாக அலச வேண்டும். தேக்குக் கதவு, மர கேட் என்றால் 40 பாருக்குள் நிறுத்த வேண்டும்; மீறினால் மரத்தின் நார் எழும்பும். எங்கே போனாலும் முதலில் ஒரு மூலையில் ஓரடி அடித்துப் பார்த்துவிட்டுத் தொடர்வதே முறை. நான் விற்ற பையனுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அந்த மாடி தப்பியிருக்கும்.

மருந்து

பாசிக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட். கேனில் வருவது 10 முதல் 12 சதவீதம். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் ஒரு சதவீதம் ஆகும். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் குறைந்த அழுத்தமே போதும். வெயிலிலும் நாள்பட்டும் இதன் வீரியம் குறையும். எனவே கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும். பக்கத்துச் செடிகளை முன்னும் பின்னும் தண்ணீரால் நனைக்க வேண்டும். இதனுடன் ஆசிட்டை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆசிட் சிமெண்டையும் அரிக்கும். கடையில் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஏற்கக் கூடாத வேலை

தண்ணீர்த் தொட்டி கழுவப் போனவரிடம், "அப்படியே செப்டிக் டேங்கையும் பாத்துடுப்பா" என்பார்கள். மறுத்துவிட வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை அதில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பணம் உயிரைத் திருப்பித் தராது. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியிலும் தனியாக இறங்கக் கூடாது. உள்ளே ஆள் இருக்கும்போது மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. குடிதண்ணீர்த் தொட்டிக்கென்று பிரஷ், ஹோஸ் தனியாக இருக்க வேண்டும்.

தண்ணீர் வேகமாகத் தோலைத் துளைத்தால் வெளியே சின்னக் கீறலாகத் தெரியும். உள்ளே பெரிய சேதம் இருக்கும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, கையுறை ஆகியவை இயந்திரத்தோடு சேர்ந்த பாகங்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலீடு

அகலக் கால் வைக்க வேண்டாம். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் இயந்திரத்தில் போடக் கூடாது. மீதியில் ஹோஸ், வயர், பேரல், நாசில், பாதுகாப்புச் சாமான்கள் வாங்கி, இரண்டு மாதச் செலவுக்கும் நிறுத்திக்கொள்ள வேண்டும். தரையை வட்டமாகக் கழுவும் இணைப்பு, பெட்ரோல் என்ஜின், வாக்குவம் ஆகியவை வேலை வந்து குவிந்த பிறகு. நகையை அடகு வைப்பதற்கு முன் வங்கியில் முத்ரா கடன் கேட்கச் சொல்லுங்கள். 2015-ல் தொடங்கிய அத்திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் தருகிறார்கள்.

அந்தப் பையனுக்கு 3 எச்.பி. இண்டக்‌ஷன் இயந்திரம் ஒன்றைத் தவணையில் கொடுத்தேன். பழைய பாக்கியைத் தள்ளிவிட்டேன். இன்று இரண்டு ஆட்களை வைத்துத் தொழில் செய்கிறான். தவணை முழுவதும் கட்டி முடித்துவிட்டான். ஆனால் அடகில் வைத்த சங்கிலி முழுகிப் போய்விட்டது. என் தேங்கிய சரக்கில் ஒரு பெட்டி குறைந்ததற்கு அந்த வீட்டுப் பெண் கொடுத்த விலை அது.

எஞ்சிய பெட்டிகளை வாங்க வருகிறவரிடம், "வீட்டுக்கா, தொழிலுக்கா?" என்று முதலில் கேட்டுத்தான் விற்றேன். விற்றுத் தீர மூன்று வருடம் ஆயிற்று. நம் உறுப்பினர்களும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.