சிறுநீர்ப்பை புற்றுநோய்: ஆண்களுக்கு அதிகம் வருவது ஏன்? பெண்களிடம் தாமதமாகத் தெரிவது ஏன்?

சிறுநீரில் ரத்தம் வருகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு நாளில் தானாக நின்றும் விடுகிறது. 60 வயது ஆண் இதைச் சொன்னால், 'எதுக்கும் யூராலஜிஸ்ட்டைப் பார்த்துடுங்க' என்று டாக்டர் அனுப்பி வைப்பார். அதே வயதுப் பெண் சொன்னால், 'யூரின் இன்ஃபெக்‌ஷனா இருக்கும், தண்ணி நிறைய குடிங்க' என்று ஆன்டிபயாடிக் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு அதிகம்.

சிறுநீர்ப்பை புற்றுநோயில் இந்த வித்தியாசம் சாதாரண விஷயம் இல்லை. இந்த நோய் ஆண்களைத்தான் அதிகம் தாக்குகிறது. ஆனால், பெண்களிடம் கண்டுபிடிக்கப்படும்போது பல நேரங்களில் முற்றிய நிலைக்குப் போயிருக்கிறது. முதலாவதற்கு மரபணுக்களில் ஒரு பதில் இருக்கிறது. இரண்டாவதற்கான பதிலில் பெரும்பகுதி, டாக்டரின் அறையில் இருக்கிறது.

யாருக்கு, எவ்வளவு?

சிறுநீர்ப்பையின் உட்புறச் சுவரை மூடியிருக்கும் மெல்லிய படலத்தில்தான் பெரும்பாலும் இந்தப் புற்றுநோய் தொடங்குகிறது. படலத்தோடு நின்றால் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். அடியில் உள்ள தசைக்குள் இறங்கிவிட்டால் சிறுநீர்ப்பையையே அகற்ற வேண்டி வரலாம்.

2022-ல் உலகம் முழுவதும் சுமார் 6.14 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. சுமார் 2.2 லட்சம் பேர் உயிரிழந்தனர். நோய் வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஆண்கள்.

பீடி, சிகரெட்தான் காரணமா?

பெரிய காரணம் அதுதான். புகையில் உள்ள நச்சுகளைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அவை மணிக்கணக்கில் சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்கின்றன. அமெரிக்காவில் 4.5 லட்சத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியான ஆய்வு, ஆண், பெண் இரு தரப்பிலும் சுமார் பாதி சிறுநீர்ப்பை புற்றுநோய்க்குப் புகைபிடித்தலே காரணம் என்றது.

அடுத்தது வேலை. சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவதை ஜெர்மனி அறுவை சிகிச்சை நிபுணர் லுட்விக் ரேன் 1895-லேயே கவனித்துச் சொன்னார்.

அப்படியென்றால், 'ஆண்கள்தானே அதிகம் புகைக்கிறார்கள், சாயப் பட்டறைக்குப் போகிறார்கள், அதனால்தான்' என்று முடித்துவிடலாமே? முடியவில்லை. புகையையே தொடாதவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டாலும் ஆண்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. அப்போதுதான் ஆய்வாளர்களின் பார்வை மரபணுக்கள் பக்கம் திரும்பியது.

பெண்களிடம் இருக்கும் 'ஸ்டெப்னி'

பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணின் செல்லில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். இது பள்ளிப் பாடத்திலேயே படித்ததுதான்.

பெண்ணின் இரண்டு எக்ஸும் முழுசாக வேலை செய்தால் செல்லில் சில புரதங்கள் அளவுக்கு மீறிப் போய்விடும். அதனால் கருவிலேயே ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸை 'ஆஃப்' செய்துவிடுகிறது. இதை 1961-ல் முன்வைத்தவர் பிரிட்டிஷ் மரபியலாளர் மேரி லயன்.

ஆனால், ஆஃப் ஆன எக்ஸிலும் சில மரபணுக்கள் தூங்குவதில்லை. அவற்றில் ஒன்று கேடிஎம்6ஏ. மற்ற மரபணுக்கள் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று கவனித்துக்கொள்ளும் மேஸ்திரி மாதிரி இது. புற்றுநோய்க் கட்டி உருவாகாமல் தடுக்கும் வேலையையும் செய்கிறது. பெண்ணின் செல்லில் இது இரண்டு பிரதிகள் இயங்குகிறது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஸ்டெப்னியாகக் கை கொடுக்கும். ஆணுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. ஒய் குரோமோசோமில் யுடிஒய் என்ற பங்காளி மரபணு இருந்தாலும், அதன் திறன் மிகக் குறைவு.

2017-ல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு, இப்படி இரண்டு பிரதியாகப் பெண்களைக் காக்கும் ஆறு மரபணுக்களை அடையாளம் காட்டியது. அதில் கேடிஎம்6ஏ-வும் ஒன்று. அடுத்த ஆண்டு 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான எலி ஆய்வில், சிறுநீர்ப்பைப் படலத்திலிருந்து இந்த மரபணுவை நீக்கியதும் பெண் எலிகளுக்கு இருந்த பாதுகாப்பு குறைந்து, புற்றுநோய் ஆபத்து கூடியது.

மனிதர்களின் கட்டிகளிலும் வித்தியாசம் தெரிகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரம்ப நிலைக் கட்டிகளை 2017-ல் ஆராய்ந்தனர். பெண்களின் கட்டிகளில் 74 சதவீதத்திலும், ஆண்களின் கட்டிகளில் 42 சதவீதத்திலும் கேடிஎம்6ஏ பழுதாகியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் கட்டி, மரபணு அளவில் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு.

ஒய் காணாமல் போனால்?

ஆண்களுக்கு வயதாக ஆக, சில செல்களில் ஒய் குரோமோசோமே காணாமல் போய்விடுகிறது. புகைபிடிப்பவர்களின் ரத்த செல்களில் இது அதிகம் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டியிருந்தனர். ஆண்களின் சிறுநீர்ப்பை புற்றுநோய்க் கட்டிகளில் 10 முதல் 40 சதவீதம் வரை ஒய்யை இழந்தவை.

இதன் விளைவை அமெரிக்காவின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தில் டேன் தியோடரெஸ்கு குழுவினர் எலிகளில் ஆராய்ந்து, 2023-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஒய் இல்லாத கட்டிகள் வேகமாக வளர்ந்தன. காரணம், புற்றுநோயைத் தேடிக் கொல்ல வேண்டிய டி செல்களை அவை களைத்துப்போக வைத்துவிடுகின்றன.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. களைத்த டி செல்களை மீண்டும் எழுப்பிவிடும் இம்யூனோதெரபி மருந்துக்கு, ஒய் இழந்த கட்டிகளே நன்றாகக் கட்டுப்பட்டன.

ஹார்மோனுக்கும் பங்கு

டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட ஆண் ஹார்மோன்கள் செல்லில் வந்து சேரும் இடத்துக்கு ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் என்று பெயர். இந்த ரிசெப்டர் இல்லாத எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்தும் சிறுநீர்ப்பை புற்றுநோய் வரவில்லை என்று 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆண் ஹார்மோன் டி செல்களைக் களைப்படைய வைக்கிறது என்று 2022-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. அதாவது, குரோமோசோம் ஒரு பக்கம், ஹார்மோன் ஒரு பக்கம் என இரண்டும் தனித்தனியாக வேலை செய்கின்றன.

பாதுகாப்பு இருந்தும் பெண்களுக்கு ஏன் ஆபத்து?

இங்கேதான் கதை மாறுகிறது. பெண்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் அடிக்கடி வரும். எரிச்சல், அவசரம், ரத்தம் என அதன் அறிகுறிகளும் சிறுநீர்ப்பை புற்றுநோயின் அறிகுறிகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாதவிடாய் நின்ற பெண்கள், வந்தது கர்ப்பப்பை ரத்தமா, சிறுநீர் ரத்தமா என்று தெரியாமல் குழம்புவதும் உண்டு. 'நமக்கு ஏது சிகரெட் பழக்கம்?' என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்காவில் சுமார் 7,600 நோயாளிகளின் விவரங்களை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், சிறுநீரில் ரத்தம் பதிவானதிலிருந்து புற்றுநோய் என்று தெரிய ஆண்களுக்குச் சராசரியாக 74 நாட்கள் ஆயின. பெண்களுக்கு 85 நாட்கள். ஆறு மாதத்துக்கு மேல் தாமதமானவர்கள் ஆண்களில் 14 சதவீதம், பெண்களில் 17 சதவீதம். ஆரம்பத்தில் இன்ஃபெக்‌ஷன் என்று எழுதப்பட்டவர்களிடமே தாமதம் அதிகம்.

சிகிச்சையும் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறா?

இப்போதைக்கு இல்லை. அறுவை சிகிச்சை, கீமோ, இம்யூனோதெரபி, சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் பிசிஜி எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். ஆமாம், குழந்தைகளுக்குப் போடும் அதே காசநோய்த் தடுப்பூசி பிசிஜிதான். கேடிஎம்6ஏ பழுதா, ஒய் இருக்கிறதா என்று கட்டியைப் பார்த்து மருந்தைத் தேர்வு செய்வதுதான் ஆய்வாளர்களின் அடுத்த இலக்கு. அதற்கு மருந்துப் பரிசோதனைகளில் பெண்களும் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இதுவரை அவற்றில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

என்ன செய்யலாம்?

சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் வந்தால், ஒரே ஒரு தடவை என்றாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இன்ஃபெக்‌ஷன் என்று சொன்னால், யூரின் கல்ச்சர் டெஸ்ட்டில் கிருமி இருப்பது உறுதியானதா என்று கேட்கலாம். மாத்திரை முடிந்த பிறகு மறுபடியும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்ப்பது அவசியம். 45 வயதைக் கடந்தவருக்கு இன்ஃபெக்‌ஷன் இல்லாமல் ரத்தம் வந்தாலோ, சிகிச்சைக்குப் பிறகும் வந்தாலோ உடனே நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். அதில் ஆண், பெண் பேதம் இல்லை.

மெல்லிய குழாய் கேமராவைச் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி சில நிமிட வேலை. இரண்டாவது எக்ஸ் தரும் பாதுகாப்பு பெண்களுக்குப் பிறவியிலேயே கிடைத்தது. அந்தச் சில நிமிடப் பரிசோதனையைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.