ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

பெங்களூரு மாநகரில் ஊதியம் வந்த நாளிலேயே பல இல்லங்களில் பணம் பிரியத் தொடங்கிவிடும். வீட்டு வாடகை, பால், மளிகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் தொகை என அது பல வழிகளில் செல்லும். இருபதாம் நாளுக்குள் "பணம் எங்கே போயிற்று?" என்னும் வினா எழும். பணம் காணாமற்போவதில்லை, அது சென்ற வழி குறித்து வைக்கப்படாமையால் மறந்துபோகிறது.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது தமிழர் பழமொழி. போடாதே என்று முன்னோர் கூறவில்லை. அளந்து போடு என்றே கூறினர். செலவே செய்யாதிருப்பது சிக்கனம் அன்று. அறிந்து செலவிடுவதே சிக்கனம். திருக்குறளில் 'வலியறிதல்' என்னும் அதிகாரமும் இக்கருத்தைக் கூறுகிறது. வருவாய் சிறிதாயினும், செலவு அதனினும் விரியாதவரை கேடில்லை என்பது வள்ளுவர் காட்டும் நெறி.

ஒரு திவானின் கணக்கு

நாட்டுக்கும் இந்நெறி பொருந்தும் என்பதற்குக் கருநாடக வரலாற்றிலேயே சான்று உண்டு. செங்கற்பட்டுப் பகுதியில் 1831ஆம் ஆண்டு பிறந்த ரங்காச்சார்லு, பணியின் பொருட்டு மைசூருக்குச் சென்றவர். 1881ஆம் ஆண்டு மைசூர் அரசு மீண்டும் உடையார் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவர் திவானாகப் பொறுப்பேற்றார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1876 முதல் 1878 வரை, கொடிய பஞ்சம் நிலவியது. அதனால் அரசு கடன்பட்டிருந்தது.

ரங்காச்சார்லு இரண்டு செயல்களைச் செய்தார். முதலாவதாக, நிருவாகச் செலவுகளை ஆராய்ந்து குறைத்தார். இரண்டாவதாக, அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் மைசூர்ப் பிரதிநிதிகள் சபையைக் கூட்டி, அரசின் வரவு செலவு நிலையை மக்கள் பிரதிநிதிகளின் முன் எடுத்துரைத்தார். கணக்கை மறைத்து வைப்பதனால் பயனில்லை. தொடர்புடையோர் அனைவரும் அறிய வேண்டும் என்பதை அச்செயல் உணர்த்துகிறது. மைசூரு நகர மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றும் கருநாடக அரசு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அளிக்கிறது. கன்னட நாளிதழ்கள் அதனை 'ஆயவ்யய' என்று எழுதும். ஆயம் என்பது வரவு. வ்யய என்பது செலவு.

குடும்பத்தின் திட்டம்

அரசு ஆண்டுக்கு ஒருமுறை செய்வதைக் குடும்பம் மாதந்தோறும் செய்யலாம். எடுத்துக்காட்டாக, நால்வர் உள்ள ஒரு குடும்பத்தின் மாத வருவாய் 30,000 ரூபாய் எனக் கொள்வோம். அதன் திட்டம் பின்வருமாறு அமையலாம்:

வீட்டு வாடகை – 10,000
உணவு, பால், எரிவாயு – 9,000
கல்வி – 3,000
பயணம், கைப்பேசி – 2,000
ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு – 2,000
மின்சாரம், குடிநீர் – 500
மருத்துவம் – 500
ஆண்டுச் செலவுகளுக்கான ஒதுக்கீடு – 1,500
சேமிப்பு – 1,500

இவற்றுள் 'ஆண்டுச் செலவுகள்' என்னும் இனத்தையே பலர் மறந்துவிடுவர். ஜூன் மாதத்தில் புத்தகமும் சீருடையும் வாங்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். இவை எதிர்பாராத செலவுகள் அல்ல, தவறாமல் வருபவை. ஆண்டுக்கு 18,000 ரூபாய் தேவையெனில், அதனைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கி வைத்தால் அவை சுமையாகா.

சிறு செலவும் பெரு வட்டியும்

மேற்கண்ட குடும்பத்தில் ஒருவர், மாலைதோறும் பேக்கரியில் 50 ரூபாய் செலவிடுகிறார் என்க. நாளொன்றுக்கு அது சிறுதொகையே. முப்பது நாளுக்கு அது 1,500 ரூபாய் ஆகும். சேமிப்புக்கென ஒதுக்கிய முழுத்தொகையும் அதுவே! எழுதி வைக்காதவர்க்கு இவ்வுண்மை புலப்படுவதில்லை.

சேமிப்பு இல்லாத வீட்டில் திடீர்ச் செலவு வந்தால் கடன் வாங்க நேரும். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால், மாதம் 500 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். ஓராண்டில் 6,000 ரூபாய் கட்டிய பின்னரும் அசல் 10,000 ரூபாய் அப்படியே நிற்கும். இத்தகைய கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. நோயாலும் வேலையிழப்பாலும் கடன்பட்டோரைக் குறைகூறல் ஆகாது. ஆயினும், தவிர்க்கக்கூடிய கடனைத் தவிர்க்கக் கணக்கு துணைசெய்யும்.

எழுதும் வழக்கம்

ஜப்பான் நாட்டில் ஹானி மோட்டோகோ என்னும் பெண் இதழாளர் 1904ஆம் ஆண்டு இல்லத்தரசியருக்கான கணக்குப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். 'காக்கேபோ' எனப்படும் அவ்வழக்கம் இன்றும் அந்நாட்டில் உள்ளது. செலவை இனவாரியாகக் கையால் எழுதுவதே அதன் அடிப்படை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு யூபிஐ முறை அறிமுகமானது. அதன்பின் பலருடைய பணம் கைப்பேசி வழியாகவே செல்கிறது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது பணம் குறைவது கண்ணுக்குத் தெரியும்; கைப்பேசியில் அவ்வாறு தெரிவதில்லை. யாருக்குக் கொடுத்தோம் என்பதைக் கைப்பேசி காட்டும். எதற்குக் கொடுத்தோம், அது தேவையா என்பதைக் காட்டாது. ஆகவே இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் குறிப்பேட்டில் எழுதுவது நன்று.

திட்டத்தில் நிலைத்தல்

திட்டம் வகுப்பது எளிது. அதில் நிலைப்பது அரிது. அதற்குச் சில வழிகள் உண்டு. ஊதியம் வந்தவுடன் சேமிப்பை முதலில் எடுத்து வைத்தல் வேண்டும். எஞ்சியதைச் சேமிக்கலாம் என்று எண்ணினால் எதுவும் எஞ்சாது. வாரம் ஒருமுறை கணக்கைப் பார்த்தல் வேண்டும். ஓர் இனத்தில் செலவு மிகுந்தால், மற்றோர் இனத்தில் குறைத்து ஈடுசெய்தல் வேண்டும். ஒரு மாதம் தவறினால் குறிப்பேட்டை மூடிவிடாது, அடுத்த மாதத் திட்டத்தைத் திருத்துதல் வேண்டும்.

இடையில் பார்ப்பதன் பயனை மின்சாரக் கணக்கில் காணலாம். கருநாடக அரசு 2023ஆம் ஆண்டு தொடங்கிய 'கிருக ஜோதி' திட்டத்தின்படி, வீடுகளுக்கு மாதம் 200 யூனிட்டுக்கு உட்பட்டுக் கட்டணமில்லா மின்சாரம் கிடைக்கிறது. 200 யூனிட்டைக் கடந்தால் முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். மாத நடுவில் மின்னளவியைப் பார்ப்பவர் முன்னரே விழித்துக்கொள்வார். மாத இறுதியில் பார்ப்பவர் வருந்துவார்.

இப்பணியில் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. குறிப்பேட்டில் தமிழில் எழுதி, கூட்டிக் காட்டும் பொறுப்பை அவர்கள் ஏற்கலாம். பத்து வயது நிரம்பியோர் தாமே இயக்கும் சேமிப்புக் கணக்கை வங்கிகள் தம் விதிகளுக்கு உட்பட்டு அளிக்க இந்திய ரிசர்வ் வங்கி இசைவளித்துள்ளது.

திட்டம் குறைந்த வருவாயைப் பெருக்கிவிடாது. ஆனால், எது முதலில், எது பின்னர் என முடிவு செய்யும் உரிமையை அது குடும்பத்தின் கையிலேயே வைக்கும். கணக்கு எழுதாத வீட்டில் அம்முடிவைக் கடன் கொடுத்தவரே செய்வார்.

அருஞ்சொற்பொருள்

திவான் – முதலமைச்சர் போன்ற தலைமை அலுவலர்
இனம் – செலவின் வகை
அசல் – கடனாகப் பெற்ற முதல் தொகை
ஈடுசெய்தல் – குறையை நிரப்புதல்

பயிற்சி

1. ரங்காச்சார்லு செய்த இரு செயல்கள் யாவை?
2. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் 5,000 ரூபாய் கடன் பெற்றால், ஓராண்டு வட்டி எவ்வளவு?
3. பிரித்து எழுதுக: வேலையிழப்பு, பயணச்சீட்டு, மின்னளவி.
4. ஒரு வாரம் உம் கைச்செலவை நாள்தோறும் எழுதி, இனவாரியாகப் பிரித்துப் பெற்றோரிடம் காட்டுக. அவற்றுள் தவிர்த்திருக்கக்கூடிய செலவு எது? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.