நிகழாத சரித்திரம்

நடந்து முடிந்த சரித்திரத்தை மாற்ற எவராலும் இயலாது. ஆயினும், அது வேறு விதமாக நடந்திருந்தால் என்று எண்ணிப் பாராதவர் உண்டோ? இவ்வெண்ணத்தை நீராவி யந்திர யுகத்தின் சாயலோடு இணைத்துப் புனையும் நவீனங்களுக்கு, 'ஸ்டீம்பங்க்' என்னும் பெயரை 1987-இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் சூட்டினார்.

இவ்வகையில் இளம் வாசகரைப் பெரிதும் கவர்ந்தது, ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'லெவயதன்' வரிசை. 2009 முதல் 2011 வரை மூன்று நூல்களாக அது வெளிவந்தது.

கதை நிகழும் காலம் 1914. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் கால்களால் நடக்கும் போர் யந்திரங்களைச் செலுத்துகின்றனர். பிரிட்டிஷாரோ உயிரினங்களையே போர்க்கருவிகளாக உருவாக்குகின்றனர். திமிங்கிலம் போன்ற பேருயிர் ஒன்று வான்கப்பலாகி மிதக்கிறது! கொலையுண்ட ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபெர்டினாண்டின் மகன் அலெக், அக்கப்பலில் ஆண்வேடம் பூண்டு பணிபுரியும் டெரின் என்னும் பெண்ணின் நட்பைப் பெறுகிறான். போரை நிறுத்தவும் முயல்கிறான்.

வாசகரின் ஆர்வத்துக்குக் காரணம் யந்திர விந்தை மட்டுமன்று. அலெக் கற்பனைப் பாத்திரம். ஃபெர்டினாண்டின் உண்மைப் புதல்வர் இருவரும் 1938-இல் நாஜிகளின் டாக்காவ் சிறைமுகாமில் அடைக்கப்பட்டனர். உண்மைப் போரோ நான்கு ஆண்டுகள் நீடித்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. இதனை அறிந்தவர், அலெக்கின் முயற்சி வெல்ல வேண்டுமென்று ஏங்காதிருத்தல் அரிது.

எது மெய், எது புனைவு என்பதை ஒவ்வொரு நூலின் இறுதியிலும் ஆசிரியரே விளக்குகிறார். விந்தையை நாடி வந்த இளைஞர், மெய்யான சரித்திரத்தின் வாயிலில் வந்து நிற்கின்றனர். நிகழாததைக் கூறும் கதை, நிகழ்ந்ததன் விலையை உணர்த்திவிடுகிறது.